பின்கதவு ஓரத்து அரை இடம்

முதலில் ஒரு மன்னிப்பு. பேச்சியம்மாளைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் எங்கள் ஊர் சிலமலையில் பலர் இருக்கிறார்கள். அவரோடு ஒரே ஜீப்பில் மலையேறி, ஒரே தோட்டத்தில் வருடக்கணக்காக ஏலக்காய் எடுத்தவர்கள் அவர்கள். நான் கல்லூரி விடுமுறைகளில் மட்டும் அந்த ஜீப்பில் ஏறியவள். அவருக்குச் சொந்தக்காரியும் இல்லை. பெரியம்மா என்று கூப்பிட்டது பழக்கத்தால்தான். ஆனால் பதினாறாம் நாளுக்கு அடிக்கும் நோட்டீசில் படமும் நாலு வரிப் பாட்டும் மட்டும் போதாது என்று அவருடைய மகள் செல்வி நினைத்தாள். "எங்கம்மா என்ன செஞ்சுச்சுன்னு யாராச்சும் எழுதணும்ல. நீதான படிச்சவ" என்று வந்து நின்றாள். எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. முகத்துக்கு நேரே மறுக்கவும் வராது. அதனால் எழுதுகிறேன்.

செய்தி வந்தபோது நான் போடியில் வேலை செய்யும் ஆய்வகத்தில் ஏலக்காய்ப் பொடியை எடை போட்டுக்கொண்டிருந்தேன். அம்மாதான் பேசினாள். மலைமேல் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும். முதல் அழைப்பில் "பேச்சிக்கா" என்பது மட்டும் கேட்டது. இரண்டாவதில் "விழுந்துருச்சு" என்று கேட்டது. மூன்றாவது அழைப்பு அடிவாரத்திலிருந்து தெளிவாக வந்தது. "போயிருச்சுடி" என்றாள். தட்டில் இருந்த பொடியின் எடையைக் குறித்துவிட்டுத்தான் எழுந்தேன். இதைப் பெருமையாகவும் சொல்லவில்லை, குற்றமாகவும் சொல்லவில்லை. அப்படித்தான் நடந்தது.

மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால், ஏலச்செடியின் தூரில் குனிந்து காய் எடுத்துக்கொண்டிருந்தவர் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்திருக்கிறார். அவரை ஜீப்பின் தரையில் படுக்க வைத்து, கூடக் காய் எடுத்துக்கொண்டிருந்த அம்மாவும் பாண்டியம்மாளும் மட்டும் உடன் ஏறிக்கொண்டு போடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். வழியிலேயே முடிந்துவிட்டது. இதயம் நின்றிருக்கிறது என்றார் டாக்டர். மற்றவர்கள் சாயங்காலம் பஸ்சில் மலையிறங்கி வந்தார்கள். அன்று வீட்டுக்கு வந்த அம்மா அழவில்லை. செம்பில் இருந்த தண்ணீரைக் குடித்துவிட்டு ஒன்றே ஒன்று சொன்னாள்.

"இன்னைக்கு ஜீப்புல எம்புட்டு எடம்டி இருந்துச்சு."

வெளியூரிலிருந்து வந்திருக்கும் உறவினர்களுக்காகக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். எங்கள் ஊரிலிருந்து தோட்டத்துக்குப் போகும் ஜீப்பில், முன்னால் டிரைவர் ராசு அண்ணனோடு மூன்று பேர் உட்காருவார்கள். பின்னால் எதிரெதிராக இரண்டு நீள சீட்டுகள். ஒரு சீட்டில் நான்கு பேர் நிம்மதியாக உட்காரலாம். ஆறு பேர் உட்காருவார்கள். மடியில் சாப்பாட்டுத் தூக்கு, காலடியில் மழைக்கான பிளாஸ்டிக் தாள், சாக்கு. இத்தனையோடு கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, மேட்டைத் தாண்டி, கேரளத்துக்குள் இறங்க வேண்டும். யாரை எங்கே உட்கார வைப்பது என்று பார்த்தவர் பேச்சி பெரியம்மா. அந்த வேலைக்கு அவரை யாரும் நியமிக்கவில்லை. ஆனால் அவர் கை காட்டாமல் யாரும் உட்கார்ந்ததில்லை.

அவரிடம் ஒரு முறை இருந்தது. ஒருத்தி முதுகைச் சாய்த்து உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவள் முன்னுக்கு வந்து உட்கார வேண்டும். அதற்கு அடுத்தவள் மறுபடி பின்னுக்கு. தோளோடு தோள் ஒரே வரிசையில் நிற்கக் கூடாது. எதிர் சீட்டில் இருப்பவளின் முழங்கால், இந்தப் பக்கத்து இரண்டு முழங்கால்களுக்கு நடுவே வர வேண்டும். உடம்பு பெருத்தவர்களை நடுவில் போட மாட்டார். ஓரத்தில்தான் போடுவார்.

"பாண்டி, நீ நடுவுல ஒக்காந்தா ரெண்டு பக்கமும் ரெண்டு பேரு சாகணும். ஓரத்துக்கு வா. ஓன் இடுப்பு வெளிய காத்து வாங்கட்டும்."

"ஆமா, நான்தான் ஒனக்கு எளக்காரம். டிரைவரு அண்ணனைச் சொல்லு பாப்போம், அவரு தொந்தியை வீட்டுல வச்சுட்டு வரச் சொல்லு."

"அவரு தொந்தி இல்லாட்டி ஸ்டேரிங்கை யாரு பிடிக்கிறது? வெரசா ஏறு ஆத்தா, சோலிக்குப் போகணும்."

முன் சீட்டிலிருந்து ராசு அண்ணன் ஹாரன் அடிப்பார். அதுதான் அவருடைய பதில்.

கல்லூரியில் முதல் வருடம் முடிந்த விடுமுறையில், நானும் காய் எடுக்க வருகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். எங்கள் வீட்டில் அதற்கு முன் யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. அடுத்த வருடமும் போவதென்றால் நானும் வேலைக்குப் போயாக வேண்டும். ஜீப்பில் இடமில்லை என்பது அம்மாவுக்குத் தெரியும். கேட்பதற்குத் தயங்கிக்கொண்டே என்னைக் கூட்டிப்போனாள். பெரியம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இதுவா ஆளு? இதை ரெண்டா மடிச்சுத் தூக்குவாளியில வச்சிரலாமே. ஏறு தாயீ."

"எடம் இருக்காக்கா?" என்றாள் அம்மா.

"எடம் இல்லைங்கிறவளுக்கு ஒக்கார வைக்கத் தெரியலைன்னு அர்த்தம்."

இதை அவர் பல முறை சொல்லிக் கேட்டிருப்பீர்கள். ஜீப்பில் இருந்த எல்லோரும் அதை ஒரு பழமொழி மாதிரிச் சொல்லிச் சிரிப்போம். நானும் சிரித்திருக்கிறேன்.

அடுத்த வருட விடுமுறையில் ஒருநாள், செல்வியைப் பெண் பார்க்க வந்ததால் பெரியம்மா வேலைக்கு வரவில்லை. யார் உட்கார வைப்பது என்று பேச்சு வந்தது. "காலேசுப் பிள்ளை இருக்குல்ல" என்று யாரோ சொல்ல, எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சுத்தமாக ஒரு வேலை செய்வதாக நினைத்துக்கொண்டு, இந்தப் பக்கம் ஆறு, அந்தப் பக்கம் ஆறு, ஒருவருக்கு நேராக ஒருவர் என்று உட்கார வைத்தேன். எல்லோருடைய முதுகும் நேராக, தூக்கு மடியில் நேராக இருந்தது. நான் கடைசியாக ஏறி உட்கார்ந்து பார்த்தபோது அழகாகத்தான் இருந்தது. முதல் வளைவிலேயே முழங்காலும் முழங்காலும் இடித்துக்கொண்டன. இரண்டாவது வளைவில் ஒரு தூக்கு கவிழ்ந்து புளிக்குழம்பு நாலு பேர் சேலையில் ஓடியது. அதற்கு மேல் ஒரு வளைவில் ஜீப்பை நிறுத்தி, பாண்டியம்மாள் இறங்கி வாந்தி எடுத்தார். "காலேசுல இதைத்தான் சொல்லிக் குடுக்காகளா?" என்று மலை முழுக்கக் கேட்டபடி வந்தார்கள்.

மறுநாள் பெரியம்மாவுக்கு விஷயம் போயிருந்தது.

"நேருக்கு நேரா ஒக்கார வச்சியாக்கும்? இது என்ன கல்யாணப் பந்தியா, எதுக்கால எதுக்கால எலையைப் போட?"

எனக்கு முகம் சிவந்துவிட்டது.

அதற்குச் சில மாதங்கள் கழித்து, எங்கள் வேதியியல் வகுப்பில் மூலக்கூறுகளின் வடிவம் பற்றிப் பாடம் நடந்தது. அதுவரை மூலக்கூறு என்றால் பந்தும் குச்சியுமாகச் செய்த மாதிரிதான் எங்களுக்குத் தெரியும். பந்துகள் அணுக்கள், குச்சிகள் அவற்றைச் சேர்க்கும் பிணைப்புகள். நடுவில் நிறையக் காலி இடம் இருக்கும். பேராசிரியை அந்த மாதிரியைத் தூக்கிக் காட்டி, இது பொய் என்றார். ஒவ்வொரு அணுவுக்கும் தனக்கென்று ஓர் உடம்பு உண்டு. இன்னொரு அணு அந்த உடம்புக்குள் நெருங்கினால் இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். ஆனால் விலகி ஓட முடியாது, பிணைப்பு பிடித்து வைத்திருக்கிறது. ஓடவும் முடியாமல் ஒட்டவும் முடியாமல் மூலக்கூறுக்குள் ஓர் இறுக்கம் உண்டாகிறது. ஸ்டீரிக் ஸ்ட்ரெயின் என்று கரும்பலகையில் எழுதினார்.

பிறகு இரண்டு படங்கள் வரைந்தார். அடுத்தடுத்த இரண்டு கார்பன் அணுக்கள். ஒன்றில் ஒட்டியிருக்கும் அணுக்களும் மற்றதில் ஒட்டியிருப்பவையும் நேருக்கு நேராக நிற்பது ஒரு படம். ஒன்றின் அணுக்கள் மற்றதன் இடைவெளியில் வருமாறு சற்றுத் திரும்பி நிற்பது இன்னொரு படம். முதலாவதில் இறுக்கம் அதிகம், இரண்டாவதில் குறைவு. மூலக்கூறு தானாகவே திரும்பி இரண்டாவது நிலைக்கு வரும் என்றார். நான் அந்த முதல் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் நான் உட்கார வைத்த ஜீப் இருந்தது. புளிக்குழம்பின் வாசனைகூட வந்தது. அடுத்த வாரம், வளையமாக இருக்கும் மூலக்கூறில் அணுக்களின் பெரிய தொகுதி ஒன்று ஒட்டினால் அது வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கவே விரும்பும், உள்ளே நிமிர்ந்து நின்றால் அக்கம்பக்கத்தில் இடிக்கும் என்று பாடம் நடந்தது. எனக்குப் பாண்டியம்மாளின் இடுப்பு நினைவுக்கு வந்தது. அவர் என்னை மன்னிக்க வேண்டும்.

முதுகலைப் படிப்பின் வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர், அருகருகே இரண்டு பெரிய தொகுதிகள் இருந்தால் மூலக்கூறு என்ன செய்யும் என்று கேட்டார். வாய்மொழித் தேர்வு என்றாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அன்று ஜீப்பை நினைத்துக்கொண்டேன். யார் முன்னுக்கு, யார் பின்னுக்கு, யார் ஓரத்துக்கு என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனேன், அணுக்களின் பெயரை மட்டும் போட்டு. அவர் பேனாவைக் கீழே வைத்தார். "எந்தப் புத்தகத்தில் இப்படிப் படித்தாய் அம்மா?" என்றார். வகுப்புப் புத்தகத்தின் பெயரைச் சொன்னேன். சிலமலை ஜீப் என்று சொல்ல வாய் வரவில்லை. அந்தத் தேர்வின் மதிப்பெண்தான் இன்றைக்கு நான் பார்க்கும் வேலைக்கு வழி. இதை இங்கே எழுதுவதால் அந்தப் பொய் நேராகிவிடாது என்று எனக்குத் தெரியும்.

பெரியம்மாவிடம் மட்டும் சொன்னேன். மேட்டில் டீக்கு நிறுத்தியிருந்தோம்.

"அப்ப ஓன் மார்க்குல எனக்குப் பாதியா?"

"முழுசுமே ஒங்களுக்குத்தான் பெரியம்மா."

"பாதி போதும்டி. மீதியை வச்சு நீ பொழச்சுக்கோ."

பிறகு, நாங்கள் எடுக்கிற ஏலக்காயின் வாசனையில் என்ன இருக்கிறது என்று கேட்டார். படிப்பைப் பற்றி ஏதாவது கேட்டுக்கொண்டே இருப்பார். அதில் பெரும்பங்கு உள்ள மூலக்கூறுக்குள் ஒரு வளையம் இருக்கிறது, வளையத்துக்கு இயல்பாக இருக்கப் பிடித்த வடிவம் ஒன்று உண்டு, ஆனால் ஓர் ஆக்சிஜன் குறுக்கே பாலம் போட்டுக் கட்டி வைத்திருப்பதால் அது பிடிக்காத வடிவத்திலேயே வளைந்து கிடக்கிறது என்றேன்.

"அதான் அம்புட்டு வாசமா?"

"இல்ல பெரியம்மா. வாசத்துக்குக் காரணம் அது இல்ல."

"சும்மா ஆமான்னு சொல்லித் தொலையேண்டி. டீயாவது ருசிக்கும்."

எனக்கு அப்படிச் சொல்ல வரவில்லை. இப்போது நினைத்தால், சொல்லியிருக்கலாம் என்றுதான் தோன்றுகிறது.

இனி எழுதுவது அவரைப் புகழ்வதல்ல. ஆனால் அவரைப் பற்றியதுதான்.

அந்தப் பாடத்தில் கடைசியாக ஒன்று சொன்னார் பேராசிரியை. திரும்பி உட்கார்ந்தால் இறுக்கம் குறையும், இல்லாமல் போகாது. மிக நெருக்கமான மூலக்கூறில் எங்கேயாவது ஒரு பிணைப்பு நீண்டுகொள்ளும், ஒரு கோணம் வளைந்துகொள்ளும். மற்றவை ஓரளவு நேராக இருப்பது அந்த வளைவினால்தான். ஆகவே ஒரு மூலக்கூறு அமைதியாக இருக்கிறது என்றால், எது வளைந்திருக்கிறது என்று தேடுங்கள் என்றார்.

அடுத்த விடுமுறையில் ஜீப்பில் ஏறியபோது தேடினேன். தேட வேண்டியதே இல்லை. பின்கதவு ஓரத்தில், சீட்டு முடிந்து தகரம் தொடங்கும் இடத்தில், பெரியம்மா ஒற்றைத் தொடையில் உட்கார்ந்திருந்தார். இடது கை மேலே கம்பியைப் பிடித்திருந்தது. இடுப்பு ஒரு பக்கம், தோள் ஒரு பக்கம். எல்லோரையும் உட்கார வைத்துவிட்டுக் கடைசியாக ஏறுகிறவருக்கு மிஞ்சுவது அதுதான். மலை ஏறி முடிகிற வரைக்கும் அப்படியே. சாயங்காலம் இறங்கும்போதும் அப்படியே. வீட்டு வாசலில் அவர் சும்மா நிற்கும்போதுகூட இடது தோள் சற்று உயர்ந்தே இருப்பதை அதன் பிறகுதான் கவனித்தேன். செல்வி அதைப் பார்த்து, "எங்கம்மா எப்பவும் பஸ்சுல நிக்கிற மாதிரியே நிக்குது" என்று கேலி செய்வாள்.

பார்த்தேன். சொல்லவில்லை. சொன்னால் யாராவது ஒருத்தி இறங்க வேண்டியிருக்கும். அந்த ஜீப்பில் கடைசியாக வந்து சேர்ந்தவள் நான்.

அந்த இடத்தினால்தான் அவர் இறந்தார் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்ல எனக்கு எந்த ஆதாரமும் இல்லை. இதயம் என்று டாக்டர் சொன்னார், அதையே நம்புகிறேன். இறுக்கமான மூலக்கூறை வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிப்பது கடினம். எரித்து அளந்தால் எதிர்பார்த்ததைவிட அதிக வெப்பம் வரும், அந்த அதிகம்தான் அது உள்ளே வைத்திருந்தது என்றும் எங்களுக்குப் பாடம் உண்டு. பெண்கள் நாங்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. இந்தப் பாடத்தை இதற்கு மேல் இங்கே நீட்ட எனக்கு விருப்பமும் இல்லை.

அவர் இறந்த ஐந்தாம் நாள் அம்மாவிடம் கேட்டேன், பெரியம்மா எத்தனை வருடமாக அந்தப் பின்கதவு ஓரத்தில் வந்தார் என்று. அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்.

"நீ வந்த வருசத்துல இருந்துதான். அதுக்கு முன்ன சீட்டுலதான வரும், எம் பக்கத்துல. ஒனக்கு எடம் குடுத்துட்டு அங்கிட்டுப் போச்சு. நீ காலேசு தொறந்து போனதும் திரும்பி வரும்னு பாத்தா, பின்னால பதிமூணு பேரு ஒக்காரலாம்னு தோட்டத்துல தெரிஞ்சு போச்சுல்ல. இன்னொருத்தியை ஏத்திட்டாக. நீ லீவுக்கு வந்தா அவ வேற தோட்டத்துக்குப் போயிருவா."

"இத ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"என்னத்தைச் சொல்ல? அதுதான் சொல்லாதன்னுச்சு. படிக்கிற பிள்ளைன்னுச்சு."

அந்த அரை இடம் ஜீப்பில் ஆதியிலிருந்தே இருந்தது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அது நான் ஏறிய அன்று உண்டானது.

அவரிடமிருந்து எனக்கு என்ன மிஞ்சியிருக்கிறது என்று கேட்டால், பெரிதாக எதுவும் இல்லை. கூட்டமான பஸ்சில் ஏறினால் என் வலது தோள் தானாகவே முன்னுக்குப் போகும். முழங்காலை எதிரில் இருப்பவரின் இடைவெளியில் வைப்பேன். ஆய்வகத்தில் ஒரு மூலக்கூறின் படத்தைப் பார்த்தால், முதலில் எது வளைந்திருக்கிறது என்றுதான் கண் தேடும். அவர் பாதி மார்க்கை எனக்கு விட்டுக்கொடுத்ததும் இருக்கிறது. இவற்றோடு, அவர் சொன்னவற்றில் நான் ஏற்றுக்கொள்ளாத ஒரே ஒரு வாக்கியமும் இருக்கிறது. இடம் இல்லை என்கிறவளுக்கு உட்கார வைக்கத் தெரியவில்லை என்று அர்த்தம் இல்லை, பெரியம்மா. சில சமயம் இடம் இல்லை என்றுதான் அர்த்தம்.

செல்வி கேட்டதற்காக மட்டும் இதை எழுத ஒத்துக்கொள்ளவில்லை. எனக்கும் ஒன்று கேட்க வேண்டியிருந்தது. எழுதத் தொடங்கியதிலிருந்து அதைத் தள்ளிக்கொண்டே வருகிறேன். பதினாறாம் நாள் முடிந்து மறுநாள் விடியலில் ஜீப் வழக்கம்போலக் கிளம்பும். தோட்டத்தில் ஆள் குறையக் கூடாது என்கிறார்கள். புதிதாக ஒரு பெண் வரக் காத்திருக்கிறாள். "பேச்சிக்கா எடத்துக்கு நீதான் சரி, ஒடம்பும் ஒல்லி" என்று ராசு அண்ணன் என் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். தன் சீட்டை அந்தப் பெண்ணுக்கு விட்டுவிட்டுப் பின்கதவு ஓரத்துக்குப் போக அம்மாவும் சரி என்று தலையாட்டிவிட்டு வந்திருக்கிறாள். நான் கேட்கப்போவதால் தன் இடம் போகிறது என்று காத்திருக்கும் பெண் என்மேல் கோபப்பட்டால் அது நியாயம்தான். நானும் அவளைப் போல ஏறியவள்தான். அவளுக்கு முழு இடம் கேளுங்கள், வேறு ஜீப் கேளுங்கள். கூட வந்து நின்று கேட்கச் சொன்னால் வருகிறேன், பேச வராவிட்டாலும் நிற்பேன்.

ராசு அண்ணனுக்கும் ஜீப்பில் வரும் எல்லோருக்கும் என் வேண்டுகோள் இது. பின்னால் பன்னிரண்டு பேர்தான் என்று தோட்டத்தில் சொல்லிவிடுங்கள். பின்கதவு ஓரத்தில் இனி யாரையும் உட்கார வைக்காதீர்கள். அம்மா தானாகப் போய் உட்கார்ந்தாலும், எழுப்பிவிடுங்கள்.